எந்த ஊருக்கும் போகாத கப்பல்

"இந்தக் கப்பலு எந்தூருக்குய்யா போவுது?"

அப்பா இதைக் கேட்டபோது நாங்கள் ஒன்பதாவது தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். போன தீபாவளி விடுமுறை. என் மச்சான் எல்லாருக்கும் சேர்த்து மும்பையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் டிக்கெட் எடுத்திருந்தான். இரண்டு இரவு, மூன்று வேளையும் சாப்பாடு, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், இரவில் பாட்டுக் கச்சேரி. பல்லார்ட் பியரை விட்டுக் கப்பல் நகர்ந்து, கேட்வேயும் தாஜும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, கொலாபா முனையின் கலங்கரை விளக்கம் தாண்டிக்கொண்டிருந்தது. அப்பா முப்பத்தோரு வருஷம் பம்பாய் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. அவ்வளவு வருஷம் கப்பல் பக்கத்திலேயே நின்றவர், எழுபத்தேழு வயதில்தான் முதல்முறையாக இவ்வளவு பெரிய கப்பலில் பயணியாக ஏறியிருக்கிறார். "எந்த ஊருக்கும் இல்லப்பா. ரெண்டு நாள் கடல்ல சுத்திட்டு இங்கயே வந்துரும்" என்றேன். "அப்பம் சரக்கு?" என்றார். சரக்கெல்லாம் கிடையாது என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் குறை சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் பேத்தியோடு சந்தோஷமாகத்தான் இருந்தார், இரண்டாம் நாள் காலையில் மூன்று தோசை சாப்பிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி உள்ளே மாட்டிக்கொண்டது. நான் வேலை பார்ப்பது பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஆபீஸ். நாள் முழுக்க பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குக் காகிதம் பார்க்கிறவன். அதில் சரக்கை ஏற்றும் துறைமுகம் என்று ஒரு கட்டம் இருக்கும், இறக்கும் துறைமுகம் என்று இன்னொரு கட்டம். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் யாரோ தப்பாக டைப் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடுவோம். அன்றைக்கு நாங்கள் ஏறிய கப்பலுக்கு ஒரு காகிதம் எழுதினால் இரண்டு கட்டத்திலும் மும்பை என்றுதான் எழுத வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா என்று மனைவி கேட்டாள். விடுமுறைக்குப் போகிறவர்கள் எங்காவது போய்ச் சேர வேண்டும் என்று என்ன கட்டாயம், நிம்மதியாக இரண்டு நாள் இருந்தால் போதாதா என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அடங்கவில்லை. இந்தக் கரையில் கப்பல் என்றால் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அப்பாவையும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜமக்காளம் விரித்த இடம்

அப்பா பம்பாய்க்கு வந்து நாலைந்து வருஷம் ஆன சமயம், எழுபதுகளின் நடுவில், அவரோடு வேலை பார்த்த விஜயதுர்க் பக்கத்துக்காரர் ஒருவர் ஷிம்காவுக்கு ஊருக்குப் போகும்போது இவரையும் கூட்டிப்போயிருக்கிறார். கொங்கண் பக்கம் ஹோலியை ஷிம்கா என்பார்கள், அதற்கும் கணபதிக்கும் ஊருக்குப் போகாத கொங்கணிக்காரர் கிடையாது. பம்பாயின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து காலையில் கோவா ஸ்டீமர் கிளம்பும். டெக் டிக்கெட்டுக்கு இட எண் எதுவும் கிடையாது, யார் முதலில் ஜமக்காளத்தை விரிக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். ஏணி திறந்ததும் ஹமால்கள், அதாவது சுமைகூலிகள், கையில் நாலைந்து ஜமக்காளத்தை வைத்துக்கொண்டு மேலே ஓடுவார்களாம், ஓடிப்போய் நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து விரித்துப் போட்டுவிட்டு, அப்புறம் குடும்பத்தை அழைத்துவந்து உட்கார வைத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். அப்பாவின் ஜமக்காளத்துக்கு இந்தப் பக்கம் பம்பாய் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், அந்தப் பக்கம் பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். யாரிடமோ தகரப் பெட்டி நிறைய பிஸ்கெட், யாரிடமோ புதுச் சைக்கிள். ராத்திரி கப்பல் கரைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. இருட்டில் சின்னப் படகுகள் விளக்கோடு கப்பலை நோக்கி வந்தன. ஏணியில் பாதி இறங்கி, அலை படகைத் தூக்கிக் கொடுக்கிற நேரம் பார்த்து அடுத்த காலை வைக்க வேண்டும். அந்தப் பிள்ளைத்தாச்சியை நாலு பேர் கைமாற்றிக் கைமாற்றிப் படகில் இறக்கினார்களாம், ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் தன் இரண்டு கைகளையும் ஏந்தலாக நீட்டிக் காண்பிப்பார்.

அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி இருக்கிறது. கொங்கண் கரையில் நெடுங்காலம் கோலோச்சியது கில்லிக் நிக்சன் நிர்வாகத்தில் ஓடிய பாம்பே ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ரோடு சரியாகக் கிடையாது, ரயில் கிடையாது, ஒவ்வொரு கழிமுகத்திலும் பாலம் இல்லாத ஆறு. கடல்தான் வழி. வெள்ளைக்காரர்களின் அந்தக் கம்பெனிக்கு எதிராக இங்கே உள்ளவர்கள் சுதேசி உணர்வோடு ஒரு கூட்டுறவுக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'மாஜி ஆக்போட் கம்பெனி'. மராத்தியில் ஆக் என்றால் நெருப்பு, ஆக்போட் என்றால் நம் பழைய ஆட்கள் புகைக்கப்பல் என்று சொன்னார்களே அதுதான். மாஜி என்றால் என்னுடையது. 'என் கப்பல் கம்பெனி.' இதை முதலில் படித்தபோது ஆபீஸ் நாற்காலியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துக்காராம், ராம்தாஸ் என்று தங்கள் மகான்களின் பெயர்களைக் கப்பல்களுக்கு வைத்தார்கள்.

அந்த ராம்தாஸ்தான் 1947 ஜூலை 17ஆம் தேதி, சுதந்திரத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, பாவுச்சா தக்காவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் ரேவஸுக்குப் புறப்பட்டுப் புயல் மழையில் கவிழ்ந்தது. அன்று ஆடி அமாவாசைக்கு ஈடான கட்டாரி அமாவாசை, பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நிரம்பிய கப்பல். 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலிலிருந்து கரைக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நீந்திக் கரை சேர்ந்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான் பம்பாய்க்கே தெரிந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தக்காவில் இருந்த கிழவர்கள் இன்னும் இதைப் பேசுவார்களாம். மொத்தம் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு என்பதுதான் அப்பாவை இன்றைக்கும் உறுத்துகிறது. "ஒரு மூட்டை கொறஞ்சா எங்கிட்ட மூணு கடுதாசி கேப்பான். ஆள எண்ண ஒருத்தன் இல்ல பாத்தியா" என்பார்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ரோடு வந்தது, எஸ்.டி. என்கிற அரசு பஸ் வந்தது, எண்பதுகளின் கடைசியில் கோவா ஸ்டீமர் நின்றது, 1998இல் கொங்கண் ரயில் முழுசாக ஓட ஆரம்பித்தது. நடுவில் 1994இல் தமானியா என்ற கம்பெனி ஏழெட்டு மணி நேரத்தில் கோவா போகும் அதிவேகப் படகு விட்டு, சில வருஷத்தில் நிறுத்தியது. 2018இல் ஆங்ரியா என்ற பெயரில் மறுபடியும் மும்பையிலிருந்து கோவாவுக்கு ஒரு கப்பல் வந்தது, ஆனால் அது வரும்போதே சொகுசுக் கப்பலாகத்தான் வந்தது. ஜமக்காளத்துக்கு அதில் இடமில்லை.

பம்பாய்க்கு வந்த தூத்துக்குடிக்காரர்

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி பக்கம். மாஜி ஆக்போட் என்று படித்த உடனே எனக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று தமிழ் வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்பை செம்பூரில் எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் வ.உ.சி. படத்துக்கு மாலை போடுவோம், சுண்டல் கொடுப்போம், பிள்ளைகள் செக்கிழுத்ததைப் பற்றிப் பேசுவார்கள். என் மகளும் ஒரு வருஷம் பேசியிருக்கிறாள். அவர் கப்பல் வாங்க வந்த ஊர் இந்த ஊர்தான் என்பதை மட்டும் இத்தனை வருஷத்தில் அந்த மேடையில் யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார்கள், மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். சொந்தக் கப்பல் கிடையாது. முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்தது பம்பாயின் ஷா லைன் கம்பெனி, அந்த வழியில் கப்பல் ஓட்டிய வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி மிரட்டியதும் அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்புகிறார். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்பது நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்டது. சின்ன வயதில் அது வசனம் மாதிரி இருந்தது. இப்போது, தினமும் பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் ஏஜெண்டுகளின் கண்ணாடிக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கையெழுத்துக்காக அரை நாள் காத்திருக்கிறவனுக்கு, முப்பத்துநாலு வயதில் பாஷை தெரியாத ஊரில் ஆபீஸ் ஆபீஸாகக் கப்பல் கேட்டு ஏறி இறங்கியிருக்கக்கூடிய அந்த வக்கீலை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. திலகரின் உதவியோடு 'காலியா' என்ற கப்பலை வாங்கினார். கம்பெனி அனுப்பிய இன்னொருவர் மூலம் பிரான்சிலிருந்து 'லாவோ' வந்தது. 1907இல் இரண்டும் தூத்துக்குடியில் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 40,000 மூட்டை ஏற்றலாம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போன கப்பல்கள் இவை. காகிதத்தில் இரண்டு கட்டத்துக்கும் இரண்டு பெயர் எழுத முடிந்த கப்பல்கள்.

அப்புறம் நடந்தது கட்டணப் போட்டி. வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் சும்மாவே ஏறலாம் என்றார்கள், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இலவசம் என்றார்கள். சுதேசிக் கப்பல் கிட்டத்தட்ட காலியாகப் போக ஆரம்பித்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள், மொத்தம் 40 வருஷம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் குறைந்து 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911இலேயே கலைத்து, கப்பலை எதிரிக் கம்பெனிக்கே விற்றிருந்தார்கள். சங்க மேடையில் இந்த இடம் வரும்போது பேசுகிறவர் யாராக இருந்தாலும் குரல் உயரும். ஒரு குடைக்கு விலை போனார்கள் என்பார்கள். நானும் கை தட்டியிருக்கிறேன்.

குடைக் கம்பு

டிசம்பரில் ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இலவசக் குடை என்ற இடம் வந்ததும், "ஊர்ல நம்ம வீட்டுல முருங்கக்கா பறிக்கிற கம்பு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது. விடுமுறைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மூங்கில் மாதிரி கணுக்கணுவான பிரம்பு, ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கும், பிடித்துப் பிடித்து அந்த வளைவு மட்டும் பளபளவென்று தேன் நிறமாகியிருக்கும். நடுவில் ஒரு பித்தளைப் பூண், அதற்கு மேலே இரும்புக் கம்பி போகிற சின்னத் துளை. ஆச்சி அதை நீளமான கழியில் கட்டி முருங்கைக்கிளையை வளைப்பாள். அது குடையின் கைப்பிடி என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. "அது எங்க தாத்தா கொழும்புக்குப் போவயில கப்பல்காரன் குடுத்த கொட" என்றார் அப்பா.

அப்பாவின் தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போய் வருவார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் எந்தக் கப்பலில் போனார் என்பதுதான் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரே ஒரு தடவை, வெளியே சொல்லக்கூடாது என்ற மாதிரி. அறுபது வருஷமாக அப்பா அதை வைத்திருந்திருக்கிறார். சங்கத்தில் மாலை போட்டிருக்கிறார், குடைக்கு விலை போனார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னன்னு சொல்லச் சொல்லுத? அவருக்கு எட்டணா மிச்சம்யா. அந்த எட்டணாவுக்கு வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வந்தாரோ" என்றார்.

அன்று தூக்கம் வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. நாம் எந்தப் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ அந்தப் பக்கத்தில் எங்கள் வீடு இல்லை. கப்பலைக் காலியாக்கின பல நூறு பேரில் எங்கள் பூட்டனும் ஒருவர். ஆனால் யோசிக்க யோசிக்க, மேடையில் நாங்கள் சொல்கிற கணக்கு தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் கப்பலில் ஏறியது கொழும்புக்குப் போக. போயே ஆக வேண்டும், கடையில் ஆள் காத்திருக்கிறார்கள், வீட்டில் வாய்கள் காத்திருக்கின்றன. அவரைப் போன்றவர்களின் தேவைதான் இரண்டு கம்பெனிக்கும் பிழைப்பு. அது தெரிந்துதான் வெள்ளைக்காரன் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா ஏற்றினான். தாங்க அவனுக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது, இவர்களுக்குப் பின்னால் 25 ரூபாய்ப் பங்குகள் இருந்தன. அதுவும் போதாமல், நடத்தியவரையே தூக்கிச் சிறையில் போட்டார்கள். கலெக்டர், போலீஸ், கோர்ட், கம்பெனி எல்லாம் ஒரே பக்கம் நின்று ஒரு கம்பெனியை முடித்ததற்கு, மளிகைக் கடைச் சிப்பந்தியின் கையில் இருந்த குடையைக் காட்டுவது எனக்கு இனி முடியாது. வரும் செப்டம்பரில் சங்கத்தில் பேச எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன், அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பு எங்கே என்று தெரியவில்லை. வீட்டை விற்றபோது யார் எடுத்துப்போனார்களோ.

அப்பாவின் கேள்விக்கும் எனக்கு அன்றைக்குத்தான் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. உல்லாசக் கப்பல் மேல் எனக்குக் கோபம் கிடையாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டு அதே வருஷம் நவம்பரில் நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஆரம்பித்து, உடனே நின்று, 2024இல் திரும்ப ஆரம்பித்தார்கள். போக வேண்டியவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். அவர்களை ஏற்றிப்போகும் கப்பலை ஒரு வருஷம் விடாமல் ஓட்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. இதே மும்பையில் 2020இலிருந்து ஓடும் ரோ-ரோ கப்பல் காரையும் பஸ்ஸையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு மாண்ட்வாவுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது, ரோட்டில் போனால் பெரிய சுற்று. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கிறது.

ரேவஸ் லாஞ்ச்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பாவுச்சா தக்காவுக்குக் கூட்டிப்போனேன். அந்தத் துறை இருக்கும் மஜ்காவ் பக்கம் அவர் வந்து இருபது வருஷம் இருக்கும். அந்தப் படித்துறையைக் கட்டியவர் பாவு என்று எல்லோரும் அழைத்த லக்ஷ்மண் அஜிங்க்யா, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர், இன்றைக்கும் இடத்துக்கு அவர் பெயர்தான். மீன் ஏலம் முடிந்து தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ரேவஸ் லாஞ்ச் சின்ன மரப்படகு, மழைக்காலத்திலும் ஓடும், மர பெஞ்சு, மேலே தார்ப்பாய். 2024 டிசம்பர் 18ஆம் தேதி கடற்படையின் விரைவுப் படகு மோதி எலிஃபண்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் கவிழ்ந்து 15 பேர் இறந்ததிலிருந்து எனக்குப் படகென்றால் கொஞ்சம் பயம். ஏறியதும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைத் தேடி எடுத்து முதலில் அப்பாவுக்கு மாட்டிவிட்டேன்.

எங்களுக்கு எதிரே ஒரு கோளிப் பெண், காலியான மீன் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி முழங்காலுக்கு நடுவில் வைத்திருந்தார். பக்கத்தில் அலிபாக்கில் கல்யாணத்துக்குப் போகிற குடும்பம், ஒரு பையன் ட்ராலி பேக் மேல் உட்கார்ந்திருந்தான். ஒருவர் மடியில் மிக்ஸிப் பெட்டி. அப்பா அந்தப் பெண்ணிடம் மராத்தியில் எந்த ஊர் என்று கேட்டார், அவர் ரேவஸிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார், போன வருஷம் வெள்ளை வெங்காயம் என்ன விலை போனது என்று பேச்சு போனது. எஞ்சின் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

படகு தக்காவை விட்டு விலகும்போது அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போனது, ஐந்து ஆனதும் இடது கையில் ஒரு விரல் மடங்கியது. முன்பக்கம் முடித்து, எழுந்து நின்று பின்பக்கம் பார்த்து, எஞ்சின் பக்கத்தில் இருந்த இரண்டு பையன்களையும் சேர்த்தார்.

"எண்பத்தி நாலு. கைக்குழந்த ஒண்ணு" என்றார். நான் போனில் குறித்துக்கொண்டேன்.